செயலிழந்த கைக்குக் காத்திருப்பதற்கும் ஒரு கெடு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் கை செயலிழப்பு குறித்து அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பக்கவாதத்தால் கை விழுந்துபோனவர்களுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் அது நல்ல வழிகாட்டி. அந்தப் பகுதியில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் விபத்தாலோ எலும்பு முறிவாலோ வெட்டுக்காயத்தாலோ நரம்பு சேதமடைந்து கை செயலிழப்பவர்களையும் அதே கட்டுரை போகிறபோக்கில் சேர்த்துக்கொண்டு, நரம்பு மெல்ல மெல்லத் தானாகவே சரியாகிவிடும், மனந்தளராமல் பயிற்சி செய்துவந்தால் போதும் என்று சொல்லி முடித்திருக்கிறது. கைக்கான இயன்முறை மருத்துவத்தில் 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றிவரும் நான், அந்த ஒரு வரியை நம்பிச் சிலர் தங்கள் கையை இழந்துவிடக்கூடும் என்ற அச்சத்தால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பக்கவாதத்தில் பழுது இருப்பது மூளையில். கழுத்திலிருந்து விரல்வரை ஓடும் நரம்புக்கோ, அது இயக்கும் தசைக்கோ அப்போது சேதம் எதுவும் இல்லை. ஆகவே அங்கே பயிற்சியே முதன்மையான மருந்தாகிறது. புறநரம்புக் காயத்தில் நிலைமை இதற்கு நேர்மாறானது. மூளை கட்டளையிடுகிறது, தசையும் தயாராக இருக்கிறது, இடையில் நரம்பு அறுந்தோ நசுங்கியோ கிடக்கிறது. அறுந்த நரம்பு அறுந்தே கிடக்கும்வரை உலகத்தில் உள்ள எந்தப் பயிற்சியும் அந்தத் தசையை எழுப்பாது. அதைவிடக் கொடுமை, எழுப்பப்படாத தசை நமக்காகக் காலவரையின்றிக் காத்திருக்கவும் செய்யாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் தம் தாயுடன் என்னிடம் வந்தார். இருசக்கர வாகனத்திலிருந்து தூக்கியெறியப்பட்டு, தோளும் தலையும் எதிரெதிர்த் திசையில் இழுபட விழுந்தவர். இடது கையை வலது கையால் ஏந்திக்கொண்டு வந்து, வேறு யாருடைய பொருளையோ வைப்பதுபோல என் மேசைமீது வைத்தார். தோள்பட்டையின் உருண்டை வடிவம் மறைந்துபோய், எலும்பின் விளிம்புக்குக் கீழே என் விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. மேற்கையைச் சுற்றி அளவுநாடாவை வைத்தபோது வலது பக்கத்தைவிட 5 சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. கட்டைவிரலில் ஒரு தீக்காயம்; எப்போது பட்டது என்று கேட்டபோதுதான் அவரே அதைக் கவனித்தார். ஆனால் விரல்களை மடக்கச் சொன்னபோது அழகாக மடக்கினார். என் கையைப் பிடிக்கச் சொன்னபோது இறுக்கமாகவே பிடித்தார். பிடிக்கத் தெரிந்த அந்தக் கையை வாய்க்கருகே கொண்டுபோக முழங்கை மறுத்தது. அவ்வளவுதான் குறை, அவ்வளவும் குறை.

அவர் கொண்டுவந்திருந்த கோப்பைப் புரட்டினேன். ஆறு வருகைகள், ஆறு சீட்டுகள், ஆறிலும் ‘தொடர்ந்து கவனிக்கவும்’ என்ற ஒரே குறிப்பு. விபத்து நடந்து 14 மாதங்கள் ஆகியிருந்தன. எத்தனை மாதம்வரை காத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். “நரம்பு விஷயம், பொறுமையா இருங்கன்னுதான் சொன்னாங்க மேடம், தேதியெல்லாம் யாரும் சொல்லலை” என்றார் அவருடைய தாய். அந்த அம்மாவின் குரலில் கோபம் இல்லை. தாங்கள் நல்ல நோயாளிகளாக, சொன்னபடி பொறுமையாக இருந்தோம் என்ற நிம்மதிகூட இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு எளிதாக இல்லை.

தேதி ஏன் முக்கியம் என்பதற்கு நரம்பின் இயல்பே விடை சொல்கிறது. அறுபட்ட நரம்பில், காயத்துக்கு அப்பால் உள்ள பகுதி சில நாட்களிலேயே சிதையத் தொடங்குகிறது என்பதை உடலியல் ஆய்வாளர் அகஸ்டஸ் வாலர் 1850-ஆம் ஆண்டிலேயே தவளையின் நாக்கு நரம்புகளில் காட்டினார். இழைகள் சிதைந்தாலும் அவற்றைச் சுற்றியிருந்த உறை வெற்றுக் குழாயாக எஞ்சியிருக்கிறது. காயத்துக்கு மேலே உயிரோடு இருக்கும் முனையிலிருந்து புதிய இழைகள் துளிர்த்து, அந்தக் குழாய்க்குள் புகுந்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் முன்னேறுகின்றன. மாதக் கணக்கில் பார்த்தால் 3 சென்டிமீட்டர். மறுமுனையிலோ, நரம்பின் கட்டளை வராத தசை நாளுக்கு நாள் மெலிகிறது. 12 முதல் 18 மாதங்களுக்குள் நரம்பு வந்து சேராவிட்டால், நரம்பை ஏற்றுக்கொள்ளும் அதன் முனைகள் அழிந்து, தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் படிந்துவிடுகின்றன. பிறகு நரம்பு வந்தாலும் திறந்துவிட ஆளில்லாத வீடுதான்.

இனிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கழுத்தடியில் கைக்குச் செல்லும் நரம்புகளின் பின்னல் அறுந்துவிட்டது, அங்கிருந்து முழங்கையை மடக்கும் இருதலைத் தசைக்கு நரம்பு 20 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பயணிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தையலைக் கடக்க ஆகும் காலத்தையும் சேர்த்தால் 8 மாதங்கள். மூன்றாம் மாதத்தில் அறுவை சிகிச்சை நடந்தால் பதினோராம் மாதத்தில் நரம்பு தசையைத் தொடும். தசை உயிரோடு இருக்கும். பத்தாம் மாதத்தில் நடந்தால் பதினெட்டாம் மாதம். கதவு சாத்தப்படும் நேரம். அதே கழுத்தடியிலிருந்து உள்ளங்கையின் சிறு தசைகளுக்கு 60 சென்டிமீட்டருக்கும் அதிகத் தொலைவு. பெரியவர்களுக்குக் கழுத்தடியில் அறுந்த நரம்பை அன்றைக்கே தைத்தாலும் விரல்களின் நுண்ணிய அசைவுகள் திரும்புவது அரிது என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இந்த எளிய கூட்டல் கணக்குதான் காரணம். தொடுவுணர்வுக்கு மட்டும் இந்தக் கெடு இவ்வளவு கறாரானதன்று. காலம் கடந்து தைத்தாலும் ஓரளவு உணர்ச்சி திரும்ப வாய்ப்புண்டு.

காத்திருக்கச் சொல்லும் மருத்துவர்கள் எல்லோரும் தவறிழைக்கிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. காத்திருப்பதற்கு வலுவான காரணம் உண்டு. 1943-இல், போர்க்காலத்தில், ஹெர்பர்ட் செடன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் நரம்புக் காயங்களை மூன்று வகையாகப் பிரித்தார். முதல் வகையில் நரம்பு அறுவதில்லை. அழுத்தத்தால் கடத்தும் ஆற்றலை மட்டும் தற்காலிகமாக இழக்கிறது. நாற்காலியின் முதுகுப்பகுதிமேல் கையைத் தொங்கவிட்டு அயர்ந்து தூங்கி, விழித்தெழும்போது மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகிறதே, அது பெரும்பாலும் இந்த வகை. சில நாட்களிலோ சில வாரங்களிலோ, மிஞ்சிப்போனால் மூன்று மாதத்துக்குள், கத்தியே படாமல் குணமாகிவிடும். இரண்டாவதில் உள்ளிழைகள் அறுந்திருக்கும், உறை அறுந்திருக்காது; நரம்பு தன் வழியைத் தானே கண்டுபிடித்து வளர்ந்துவிடும். மூன்றாவதில் உறையோடு சேர்த்து எல்லாமே அறுந்திருக்கும், அல்லது இடையில் தழும்பு வளர்ந்து வழியை அடைத்திருக்கும். அறுவை சிகிச்சை இல்லாமல் இதற்கு மீட்சி கிடையாது. இந்த மூன்றும் முதல் நாளில் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் சிக்கல். தசையின் மின்னியக்கத்தை அளக்கும் இ.எம்.ஜி. சோதனைகூட மூன்று வாரம் கழிந்த பிறகே தசை நரம்பிழந்திருப்பதைத் தெளிவாகக் காட்டும்.

மேற்கை எலும்பு நடுவில் முறியும்போது, அதை ஒட்டிச் சுற்றிக்கொண்டு செல்லும் ரேடியல் நரம்பு நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேருக்குச் செயலிழக்கிறது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு, மணிக்கட்டும் விரல்களும் தொங்கிய நிலையில் வரும் இவர்களுள் பெரும்பான்மையோருக்கு நரம்பு தானாகவே திரும்பிவிடுகிறது. அவர்கள் எல்லோரையும் அவசரப்பட்டு அறுத்துப் பார்ப்பது அநாவசியம். எனவே காத்திருப்பதில் பிழையில்லை, கணக்கில்லாமல் காத்திருப்பதில்தான் பிழை. 

கணக்கோடு காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதைச் சொல்கிறேன். 1915-இல் ஷூல் டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் போர்வீரர்களின் காயங்களில் கவனித்துச் சொன்ன சோதனை ஒன்று உண்டு. நரம்பு செல்லும் தடத்தில் விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால், வளர்ந்துவரும் இழைகளின் நுனி இருக்கும் இடத்தில் ‘சுரீர்’ என்று மின்சாரம் பாய்வதுபோல நோயாளிக்குத் தோன்றும். அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, எலும்பின் ஒரு முனையிலிருந்து அது எத்தனை சென்டிமீட்டர் என்று அளவுநாடாவால் அளந்து, தேதியோடு குறித்துக்கொள்வேன். அடுத்த மாதம் அவர் வரும்போது புள்ளி 3 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருந்தால் நரம்பு நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு மூன்று மாதங்களாக ஒரே இடத்தில் நின்றால், வழி அடைபட்டிருக்கிறது என்று ஐயுற்று அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஒரு பேனாவும் நாடாவும் போதும். புள்ளி நகர்ந்தால் மட்டும் தசை கட்டாயம் வேலைசெய்யும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆகவே இ.எம்.ஜி. சோதனையும், மிக அருகில் உள்ள தசையில் அசைவு வருகிறதா என்ற மாதாந்தரப் பரிசோதனையும் கூடவே நடக்க வேண்டும். தோல் கிழியாத மூடிய காயத்தில், மூன்று மாதம் ஆகியும் எந்தத் தசையும் உயிர்க்கவில்லையென்றால் நரம்பு அறுவை சிகிச்சையில் தேர்ந்தவரின் கண்முன் அந்தக் கை இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் முடிவு எடுத்திருக்க வேண்டும்.

இரண்டு நிலைமைகளில் இந்தக் காத்திருப்பே கூடாது. ஒன்று, கண்ணாடியோ கத்தியோ கிழித்த காயத்தோடு கை செயலிழந்திருப்பது. அங்கே நரம்பு அறுந்திருப்பதாகவே கொண்டு, சில நாட்களுக்குள் திறந்து பார்த்துத் தைக்க வேண்டும். அப்போது இரு முனைகளும் அருகருகே இருக்கும்; நாள் கடந்தால் சுருங்கி விலகிவிடும். ஆனால் தோலை மட்டும் தைத்து அனுப்பிவைக்கப்பட்ட பலரை நான் பார்த்திருக்கிறேன். ஊசியை எடுப்பதற்கு முன் மணிக்கட்டைத் தூக்குங்கள், விரல்களை விரியுங்கள், கட்டைவிரலைச் சுண்டுவிரலோடு சேருங்கள் என்று மூன்று சொல் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. மற்றொன்று, நரம்பு தண்டுவடத்திலிருந்தே வேரோடு பிடுங்கப்பட்டிருப்பது. கை முழுவதும் துவண்டு, அதே பக்கத்துக் கண்ணிமை தாழ்ந்து, கண்மணி சுருங்கி, உணர்ச்சியற்ற கையில் தீப்பட்டதுபோன்ற வலியும் இருந்தால் இந்த ஐயம் வலுவடைகிறது. வேரோடு பிடுங்கப்பட்ட நரம்பு தானாக வளராது.

அறுவை சிகிச்சை என்றவுடன் ஒரே ஒரு சிகிச்சை என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். நரம்பு அறாமல் தழும்புக்குள் சிக்கியிருந்தால் அதை விடுவித்துவிட்டாலே போதும். அறுந்திருந்து, முனைகள் இழுக்காமல் ஒன்றோடொன்று சேருமானால் நுண்ணோக்கியின் கீழே தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறார்கள். சேராவிட்டால் இழுத்துப் பிடித்துத் தைக்கக் கூடாது. இழுவிசையில் தைத்த நரம்பு தழும்பாகிப்போகும் என்பதையும், இடைவெளியை ஒட்டு நரம்பால் நிரப்புவதே நல்லது என்பதையும் வியன்னாவின் அறுவை மருத்துவர் ஹான்னோ மில்லேசி விளக்கினார். கெண்டைக்காலின் பின்புறம் ஓடும் சூரல் நரம்பை எடுத்து, துண்டுகளாக்கி, கேபிள்போல அடுக்கி வைக்கிறார்கள். அந்த ஒட்டு நரம்பு தானே வேலை செய்வதில்லை, மேலிருந்து வளரும் இழைகளுக்கு நடைபாதையாக மட்டுமே இருக்கிறது. பாதத்தின் வெளிவிளிம்பில் சற்று மரத்துப்போவதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

என் அனுபவத்தில் நோயாளிகளுக்கு விளக்கக் கடினமானதும், விளங்கியபின் அவர்கள் முகம் மலர்வதும் நரம்பு மாற்றுச் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போதுதான். கழுத்தில் அறுந்த இடத்தைத் தேடிச் செல்லாமல், செயலிழந்த தசைக்கு மிக அருகிலேயே நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு நரம்பிலிருந்து ஓர் இழைக்கற்றையைப் பிரித்து, தசைக்குள் நுழையும் கிளையோடு தைத்துவிடுகிறார்கள். 1994-இல் பிரெஞ்சு மருத்துவர் கிறிஸ்தோஃப் ஓபெர்லான் வெளியிட்ட முறை இவற்றுள் புகழ்பெற்றது. சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்நார் நரம்புக்குள் பல இழைக்கற்றைகள் உள்ளன. மேற்கையின் உட்பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு கற்றையையும் மிக மெல்லிய மின்தூண்டலால் தொட்டு, எது தொடப்படும்போது மணிக்கட்டு மடங்குகிறது, எது தொடப்படும்போது விரல்கள் அசைகின்றன என்று பார்க்கிறார்கள். இதற்காகவே, அந்த நேரத்தில் தசைகளைத் தளர்த்தும் மருந்தை மயக்க மருத்துவர் செயலில் இல்லாதபடி பார்த்துக்கொள்கிறார். மணிக்கட்டை மடக்கும் கற்றையில் ஒன்றை எடுத்தால் கைக்குப் பெரிய நட்டமில்லை, மற்ற கற்றைகள் ஈடுசெய்துவிடும். அதை இருதலைத் தசையின் நரம்போடு தைத்தால், 20 சென்டிமீட்டர் பயணம் சில சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. இதே வழியில், தோளைத் தூக்கும் தசைக்கு முத்தலைத் தசையின் கிளையையும், தோள்மூட்டை நிலைநிறுத்தும் தசைக்குக் கழுத்தின் துணை நரம்பையும் கொடுக்கும் முறைகளும் உள்ளன. அறுவை மருத்துவர் சூசன் மெக்கின்னன் போன்றோரின் பணியால் முன்கையிலும் இத்தகைய மாற்றுகள் பரவலாகியுள்ளன.

இச்சிகிச்சை முடிந்து நான்காம் மாதவாக்கில் ஒரு பெண் என் முன்னே அமர்ந்திருந்தார். அவரது மேற்கையின் மீது என் இரு விரல்களை வைத்துக்கொண்டு, முழங்கையை மடக்கச் சொல்லாமல், கையை இறுக மூடி மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கச் சொன்னேன். தோலுக்கு அடியில் மீன்குஞ்சு புரண்டதுபோல ஒரு துடிப்பு. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. அவருடைய மறு கையின் விரல்களை எடுத்து அதே இடத்தில் வைத்து, மீண்டும் செய்யச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பத்துப் பதினைந்து முறை மூடி மூடித் திறந்துகொண்டே இருந்தார். கையை மூடினால்தான் முழங்கை மடங்கும் என்ற இந்த நிலை முதல் சில மாதங்களுக்குத்தான். கொஞ்சம் கொஞ்சமாக மூளை புதிய இணைப்பைப் புரிந்துகொண்டு, விரலை மூடாமலேயே முழங்கையை மடக்கக் கற்றுக்கொள்கிறது. கட்டுரை பரிந்துரைத்த பயிற்சிக்கு உரிய இடம் இதுதான்: நரம்புக்கு வழி போட்டுக் கொடுத்த பிறகு.

கெடு தாண்டி வந்தவர்களின் நிலை என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். அவர்களுக்கும் வழி உண்டு என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் பல ஆண்டுகளுக்கு முன் கையை இழந்து, இனி ஒன்றும் முடியாது என்று வீட்டோடு இருப்பவர்களும் தங்கள் பத்திரிகையைப் படிப்பார்கள். இறந்துவிட்ட தசையை உயிர்ப்பிக்க முடியாது, ஆனால் அதன் வேலையை உயிருள்ள வேறொரு தசைக்குக் கொடுக்க முடியும். அதுதான், தசையை எலும்போடு பிணைக்கும் நாணை இடம் மாற்றித் தைக்கும் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை. நரம்பு வளரக் காத்திருக்க வேண்டாதது, எத்தனை ஆண்டுகள் கழித்தும் செய்யக்கூடியது.

ரேடியல் நரம்பை இழந்து மணிக்கட்டு தொங்கிப்போனவருக்கு விரல்களை மடக்கும் தசைகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் அவரால் எதையும் உறுதியாகப் பிடிக்க முடிவதில்லை. ஏன் என்று அறிய விரும்புபவர் தம் மணிக்கட்டை முழுவதுமாகக் கீழ்நோக்கி மடக்கி வைத்துக்கொண்டு, அதே நிலையில் முஷ்டியை இறுக்கிப் பார்க்கலாம். விரல்கள் பாதியிலேயே நின்றுவிடும். மணிக்கட்டு நிமிர்ந்தால்தான் பிடி வரும். பிடித்ததை விடுவதும் அவருக்குப் பாடு. தம்ளரைப் பற்றிக்கொண்ட விரல்களை மறு கையால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டும். இவருக்கு, உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பும் தசைகளில் ஒன்றின் நாணை மணிக்கட்டை நிமிர்த்தும் நாணோடும், மணிக்கட்டை மடக்கும் ஒரு தசையை விரல்களை நீட்டும் நாண்களோடும், உள்ளங்கைக்கு வரும் மெல்லிய நாண் ஒன்றைக் கட்டைவிரலை நீட்டும் நாணோடும் இணைக்கிறார்கள். முதல் உலகப் போரின்போது அறுவை மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ் வகுத்த முறையின் வழிவந்தது இது. ஏறத்தாழ நான்கு வாரம் கையைக் கட்டுப் போட்டு வைத்திருந்து, அதைப் பிரித்த அன்று நான் சொல்வது ஒன்றுதான்: “மணிக்கட்டைத் தூக்க முயலாதீர்கள். உள்ளங்கையைக் கீழே திருப்புவதாக மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.” மாதக்கணக்கில் தொங்கிக்கிடந்த மணிக்கட்டு மேலே எழும்புவதை அவர் நம்ப முடியாமல் பார்ப்பார்.

இத்துறையின் வரலாற்றில் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய ஒரு பெயர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, விரல்கள் நகம்போல வளைந்துபோயிருந்த ஒருவரின் கையைப் பற்றினார். அந்தப் பிடியின் வலு அவரைத் திடுக்கிடச் செய்தது. தொழுநோய் சில இடங்களில் மட்டுமே நரம்பைத் தாக்குகிறது, முன்கையின் பெரிய தசைகள் பிழைத்திருக்கின்றன என்பதை அதிலிருந்து உணர்ந்து, நல்ல நிலையில் உள்ள தசை ஒன்றின் நாணை நான்கு இழைகளாக நீட்டி நான்கு விரல்களுக்கும் கொடுக்கும் முறையை அவர் செப்பனிட்டார். கை வைக்கவே பலர் தயங்கிய நோயாளிகளின் கைகளில் உருவான அந்த அறிவுதான் இன்று விபத்தில் நரம்பிழந்தவர்களுக்கும் பயன்படுகிறது.

தசைநாண் மாற்றுக்கு எல்லைகளும் உண்டு. இடம் மாறிய தசை தன் வலிமையில் ஒரு படியை இழக்கும். ஆகவே ஏற்கெனவே பலவீனமான தசையை எடுத்துப் பயனில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மூட்டுகள் இறுகிப்போயிருந்தால் எந்தத் தசையை மாற்றி வைத்தும் அசையாது. நரம்பு வருகிறதோ இல்லையோ, முதல் வாரத்திலிருந்தே ஒவ்வொரு விரல் மூட்டையும் மறு கையால் முழு அளவுக்கு மடக்கி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். மணிக்கட்டை நிமிர்த்திவைக்கும் ஸ்பிளிண்டை அணியச் சொல்வதும் இதனால்தான். மரத்துப்போன விரலைச் சூடான பாத்திரத்திலிருந்தும் கூர்முனையிலிருந்தும் கண்ணாலேயே காவல் காக்க வேண்டும். இவை நரம்பை வளர்க்கா. நரம்பு வந்துசேரும் நாளில் கை அதை ஏற்கும் நிலையில் இருக்கச் செய்யும்.

பிரசவத்தின்போது தோள் சிக்கி, கையை அசைக்காமல் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஆயினும் மூன்று மாதம் நிறைந்தும் குழந்தை முழங்கையை மடக்கவில்லையென்றால், வளர வளரச் சரியாகிவிடும் என்ற ஆறுதலை ஏற்காமல் நரம்பு அறுவை மருத்துவரிடம் காட்டுவது பெற்றோரின் கடமை.

நான் முதலில் குறிப்பிட்ட இளைஞருக்கு, ஓபெர்லான் முறைக்கு எல்லாத் தகுதியும் இருந்தது, காலத்தைத் தவிர. மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ வந்திருந்தால் சில மணி நேரச் சிகிச்சையில் முடிந்திருக்க வேண்டியது, தொடையின் உட்புறத்திலிருந்து ஒரு தசையையே அதன் இரத்தக்குழாயோடும் நரம்போடும் எடுத்து மேற்கையில் பொருத்தும் பெரிய சிகிச்சையாக மாறியது. பொருத்திய தசைக்குள் நரம்பு வளர மீண்டும் மாதக்கணக்கான காத்திருப்பு. இன்று அவர் தம் கையை வாய்வரை கொண்டுபோகிறார். தோள் மட்டும் எழவே இல்லை. மேலே இருக்கும் பொருளை எடுக்க அவர் இன்னும் மற்றவரைத்தான் கூப்பிடுகிறார்.

ஆகவே மருத்துவத் துறையினருக்கு என் வேண்டுகோள்: நரம்புக் காயமுற்றவருக்குத் தரும் சீட்டில், காத்திருங்கள் என்று எழுதும்போது எந்தத் தேதிவரை என்பதையும், அந்தத் தேதியில் எந்தத் தசை அசைந்திருக்க வேண்டும் என்பதையும், அசையாவிட்டால் யாரிடம் போக வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதித் தாருங்கள். எழுதித் தரப்படாத இடத்தில் நோயாளியும் குடும்பத்தாரும் இந்த மூன்றையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. வெட்கப்பட்டு, அல்லது நல்ல பெயர் எடுக்க நினைத்து, கேட்காமல் திரும்பியவர்களை நான் நிறையவே பார்த்துவிட்டேன்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வெளியான படத்தில், செயலிழந்த கையை உள்ளங்கையில் பற்றித் தலைக்கு மேலே இழுத்துத் தூக்குவதுபோல ஒரு பயிற்சி காட்டப்பட்டுள்ளது. தோளைத் தாங்கும் தசைகள் செயலிழந்த நிலையில் மூட்டு ஏற்கெனவே கீழிறங்கி நிற்கும். அப்படி இழுப்பது மூட்டுச்சவ்வைக் காயப்படுத்தும், புதிதாக நரம்பு தைக்கப்பட்டவருக்கோ தையலையே பிரித்துவிடக்கூடும். கையைத் தூக்க வேண்டுமானால் ஒரு கையால் தோள்பட்டை எலும்பையும் மறு கையால் முழங்கையையும் தாங்கிப் பிடித்து, தோள் உயரத்துக்கு மேல் போகாமல் செய்ய வேண்டும். நரம்புத் தையலுக்குப் பிறகு முதல் சில வாரங்களுக்கு, அறுவை மருத்துவர் சொல்லும்வரை அதையும் செய்யக் கூடாது. அந்தப் படத்தைப் பார்த்து வீட்டில் இழுத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கக்கூடும் என்பதால், இந்தத் திருத்தத்தை மட்டுமாவது அடுத்த வார மருத்துவப் பக்கத்திலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கைக்கான இயன்முறை மருத்துவர் ஒருவர்